புதுக் கார் விலை ஏறிக்கிடக்கிறது, நியாய விலைக்கு ஒன்று கிடைக்குமா? ஹட்டன் கராஜிலிருந்து சில பதில்கள்

ஹட்டனில் 22 வருடமாக கராஜ் வைத்திருக்கிறேன். நான் கார் விற்பவன் இல்லை, புரோக்கரும் இல்லை. வாங்கப் போகிறவர்களோடு கூடப் போய் வண்டியைப் பார்த்துச் சொல்வதுண்டு. கொஞ்ச நாளாக எண்ணெய் மாற்ற வருகிறவர்கள்கூட விலையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அடிக்கடி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

பண்டாரவளையிலிருந்து ஒரு தம்பி: 2025 பெப்ரவரியில் இலங்கைக்கு வாகன இறக்குமதியைத் திறந்தார்கள். திறந்தால் விலை விழும் என்று ஊரே சொன்னது. ஏன் அண்ணே விழவில்லை?

கதவைத் திறந்தார்கள் தம்பி, வாசலில் வரி குந்திக்கொண்டிருக்கிறது. 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தியபோது டொலர் 190 ரூபாவுக்குள் இருந்தது. 2022ல் 360 வரை போய், திறந்த நேரத்தில் 300ஐச் சுற்றி நின்றது. அதே கார், அதே டொலர் விலை என்று வைத்துக்கொண்டாலும் நமக்கு ஒன்றரை மடங்கு.

அதற்கு மேல்தான் வரி. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 998 சீசீ பெற்றோல் கார் ஒன்று, கப்பல் கூலி, காப்புறுதி எல்லாம் சேர்த்துத் துறைமுகத்துக்கு வரும்போது 20 லட்சம் என்று வையுங்கள். 2025ல் திறந்தபோது இருந்த வீதப்படி சுங்கத் தீர்வை 20%, அதன்மேல் பாதி மேலதிகத் தீர்வை, ஆக 30%. அது 6 லட்சம். உற்பத்தி வரி ஒரு சீசீக்கு 2,450 ரூபா, அதாவது 24 லட்சத்து 45 ஆயிரம். காரின் விலையைவிட இந்த ஒரு வரியே பெரிது. இதையெல்லாம் கூட்டி அதன்மேல் 18% வற், அது ஒன்பது லட்சத்துக்கு மேல் வரும். 20 லட்சத்துக் கார் துறைமுகத்தை விட்டு வெளியே வரும்போது 60 லட்சத்துக்குக் கிட்ட. விற்பவரின் இலாபம், வங்கி வட்டி, பதிவுச் செலவு ஒன்றும் இன்னும் சேரவில்லை.

இதில் இன்னொன்றையும் பாருங்கள். உற்பத்தி வரி விலையைப் பார்ப்பதில்லை, சீசீயைத்தான் பார்க்கிறது. ஜப்பானில் இரண்டு வருடம் ஓடிய காரை மலிவாக எடுத்தாலும் அந்த 24 லட்சம் அப்படியே விழும். அதனால்தான் ரீகண்டிஷன் காருக்கும் பிராண்ட் நியூ காருக்கும் நாம் எதிர்பார்க்கிற அளவு வித்தியாசம் இல்லை. 1000, 1300, 1500, 1600 என்று சீசீக்குப் படிகள் இருக்கின்றன. படி தாண்டினால் ஒரு சீசீக்கான வீதமே கூடும். 998 சீசீயும் 1200 சீசீயும் ரோட்டில் அண்ணன் தம்பி மாதிரி ஓடும், சுங்கத்தில் தூரத்துச் சொந்தம்கூடக் கிடையாது.

தலவாக்கலையிலிருந்து ஒரு டீச்சர்: கையில் 45 லட்சம் இருக்கிறது. இன்னும் ஒரு வருடம் பொறுத்தால் புதுக் கார் எடுக்கலாமா?

மேலே போட்ட கணக்கைப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும், டீச்சர். அரசாங்கம் வரியைக் குறைத்தால் ஒழிய 45 லட்சத்துக்கு அப்படிப்பட்ட புதுக் கார் வராது. வரி குறையும் என்று நான் எப்படிச் சொல்வது?

பதிவு செய்த பழைய காரைப் பாருங்கள். 42 லட்சத்துக்குள் பேசி முடித்துவிட்டு, மூன்று லட்சத்தைத் தொடாமல் வைத்திருங்கள். நாலு டயர், பிரேக், கிளச், ஷொக் அப்சோபர், பெட்டரி. மலைநாட்டில் பழைய கார் வாங்கிய முதல் ஆறு மாதத்தில் இதில் குறைந்தது இரண்டு கேட்கும். முழுக் காசையும் கொடுத்து வாங்கிவிட்டு, பிரேக் போட காசில்லாமல் கைமாற்றுக் கேட்டு அலைகிறவர்களை நான் வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன்.

நோர்வூட்டிலிருந்து: 660 சீசீ கார் நுவரெலியா ஏறுமா? ஐந்து பேர் போவோம்.

ஏறும். ஆனால் பேசிக்கொண்டே ஏறாது, மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும். உயரம் கூடக் கூடக் காற்று மெலியும். காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ இல்லாத எஞ்சினுக்கு 300 மீட்டருக்கு ஏறத்தாழ 3% வலு குறையும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். நுவரெலியா 1,868 மீட்டர். கொழும்பில் 50 குதிரைவலு உள்ள கார் அங்கே நாற்பதைச் சொச்சம்தான். விற்கிறவர் கொழும்பில் உங்களை ஏற்றி ஓட்டிக் காட்டுவது அந்தப் பத்தும் சேர்ந்த கார்.

நாளாந்தம் ஒருவர் இருவர் டவுனுக்குப் போய்வரத் தாராளம் போதும். ஐந்து பேர், அரிசி மூட்டை, ரம்பொடை ஏற்றம் என்றால் டர்போ உள்ள 660 அல்லது 1000 சீசீ பாருங்கள். ஏற்றத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். இறக்கத்தைப் பற்றி யாருமே கேட்பதில்லை, எனக்கு அதுதான் கவலை. நுவரெலியாவிலிருந்து கம்பளைப் பக்கம் இறங்கும்போது கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே காலை வைத்து வந்த வண்டிகளின் டிஸ்க்கைக் கழற்றினால் நீல நிறம் ஏறியிருக்கும். வாங்கப் போகும் காரின் சில்லு இடுக்கு வழியாக டிஸ்க்கை ஒரு டோர்ச் அடித்துப் பாருங்கள். நீலம் தெரிந்தால், அந்தக் காரை எப்படி ஓட்டியிருக்கிறார்கள் என்று அதுவே சொல்லிவிடும்.

கம்பளையிலிருந்து ஒரு அண்ணன்: ஹொண்டா வெசல் கார் ஒன்று சந்தை விலைக்கு எட்டு லட்சம் குறைவாக வந்திருக்கிறது. உள்ளே புதுசு மாதிரி வாசம். எடுக்கலாமா?

அண்ணே, அந்த வாசம்தான் எனக்குப் பயம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலுக்கு உங்கள் ஊரிலேயே தண்ணீர் எந்த உயரத்துக்கு வந்தது என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மூழ்கிய வாகனங்கள் எல்லாம் இரும்புக் கடைக்கா போயிருக்கும்? கழுவி, காயவைத்து, சீட் உறை மாற்றி, வாசனை அடித்து, வேறு மாவட்டத்துக்குக் கொண்டுபோய் விற்பார்கள்.

போன மாதம் ஒருவரோடு இப்படி ஒரு வண்டியைப் பார்க்கப் போனேன். வெளியே கண்ணாடி மாதிரி மினுக்கம். பின் சீட் பெல்ட்டை இழுத்தேன். பாதி வரைக்கும் சுத்தமான கறுப்பு. முழுக்க இழுத்ததும் கடைசி ஒரு சாண் பழுப்பாக வந்தது, ஆற்று வண்டல் நிறம். கழுவினவருக்குப் பெல்ட்டைக் கடைசி வரை இழுக்கத் தோன்றவில்லை. விற்கிறவர் "அது தேயிலைத் தூசி" என்றார். தேயிலைத் தூசியில் பிறந்து வளர்ந்த என்னிடம்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். எல்லாப் பெல்ட்டையும் கடைசி வரை இழுங்கள். டிக்கியில் ஸ்பெயார் வீலைத் தூக்கி அடியில் கையை விட்டுத் துழாவுங்கள். முன் சீட்டுக்குக் கீழே இருக்கும் வயர் இணைப்புகளில் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். ஹெட்லைட்டுக்குள் ஒரு நேர்கோடு மாதிரித் தண்ணீர்த் தடம் இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வாருங்கள். தண்ணீர் குடித்த வண்டி முதல் மாதம் நன்றாக ஓடும். அப்புறம்தான் ஒவ்வொரு வயராகச் சாகும். ஹைபிரிட் என்றால் செலவு இன்னும் பெரிது. எட்டு லட்சம் அதற்குக் காணாது.

இன்னொன்று. பழைய வெசல் ஹைபிரிட்டில் இரட்டைக் கிளச் கியர்பெட்டி. தலதாப் பெரஹர நேரத்துக் கண்டி நெரிசல் மாதிரி, ஏற்றத்தில் நின்று நின்று ஊர்ந்தால் அது சூடேறும். தண்ணீர் படாத வண்டியாக இருந்தாலும் ஒரு செங்குத்து ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

ஹட்டனிலிருந்து, ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஐயா ஒருவர்: ஈ.பி.எஃப் காசு வந்திருக்கிறது. அதை முற்பணமாகக் கட்டி மிச்சத்துக்கு லீசிங் போட்டு, மகன் வாடகைக்கு ஓட்டினால்?

வேண்டாம் ஐயா. லீசிங் எவ்வளவு தரலாம் என்பதற்கு மத்திய வங்கி எல்லை வைத்திருக்கிறது. 2025 ஜூலையில் கார்களுக்கு வண்டிப் பெறுமதியில் 60% என்று வைத்தார்கள். அதை அவ்வப்போது மாற்றுகிறார்கள், ஆகவே லீசிங் போடப் போகிற வாரத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எப்படியும் பெரிய தொகை ஒன்று உங்கள் கையிலிருந்துதான் போகும். முப்பது நாற்பது வருட உழைப்பு அது. சீசன் இல்லாத மாதத்தில் இரண்டு தவணை தவறினால் வண்டியைத் தேடி ஆட்கள் லயத்து வாசலுக்கு வருவார்கள். மகன் வேறொருவரின் வண்டியில் ஒரு வருடம் ஓட்டட்டும். மாதம் என்ன மிஞ்சுகிறது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அந்தக் கொப்பியோடு வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.

பொகவந்தலாவையிலிருந்து: மச்சான் கட்டாரில் இருக்கிறான். அங்கிருந்து ஒரு காரை அனுப்பச் சொல்லலாமா?

அங்கே ஓடுவது இடதுபக்க ஸ்டியரிங். இங்கே இறக்க விடமாட்டார்கள். மச்சானிடம் காசை அனுப்பச் சொல்லுங்கள்.

லிந்துலையிலிருந்து: ரீகண்டிஷன் காரில் மீற்றரைக் குறைத்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஜப்பான் ஏலத்தில் எடுத்த கார் என்றால் ஒக்ஷன் ஷீட் இருக்கும், ஏலத்தில் வண்டியின் நிலையைப் பார்த்து எழுதிய தாள் அது. விற்பவர் காட்டுகிற போட்டோக் கொப்பியை நம்பாமல், செசி இலக்கத்தைக் கொடுத்து நீங்களே காசு கட்டி எடுப்பியுங்கள். 60 லட்சத்துக்கு முன்னால் அது தேத்தண்ணிக் காசு. அதில் ஓடிய தூரம் இருக்கும். 4, 4.5 என்றால் நல்ல தரம். R என்ற எழுத்து இருந்தால் அடிபட்டுத் திருத்தியது. படத்தில் A என்றால் கீறல், U என்றால் நெளிவு, W என்றால் தட்டிப் பெயின்ட் அடித்தது, XX என்றால் அந்தப் பாகத்தையே மாற்றியிருக்கிறார்கள். R போட்ட கார் எல்லாம் கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். R விலைக்குக் கொடுத்தால் சரி. R காரை 4.5 விலைக்கு விற்பதுதான் நடக்கிறது.

இங்கேயே ஓடிய கார் என்றால் பிரேக் பெடல் ரப்பரையும் ஸ்டியரிங்கையும் பாருங்கள். மீற்றரில் 48,000 கிலோமீட்டர், பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறது என்றால் இரண்டில் ஒன்று பொய். ரப்பருக்குப் பொய் சொல்லத் தெரியாது.

கொட்டகலையிலிருந்து: எலக்ட்ரிக் கார்?

வீட்டில் சார்ஜ் போட வசதியும் தனி வாசலும் இருந்தால் யோசிக்கலாம். ஏறும்போது குடிக்கும், இறங்கும்போது கொஞ்சம் திரும்ப நிரப்பிக்கொள்ளும், மலைக்குப் பொருத்தம்தான். லயத்திலோ வாடகை வீட்டு மாடியிலோ இருப்பவருக்கு இப்போதைக்கு நான் சொல்ல மாட்டேன்.

நாவலப்பிட்டியிலிருந்து ஒரு தங்கச்சி: அப்படியானால் பேரம் பேசவே இடமில்லையா?

இருக்கிறது, இடம் தெரிந்து பேச வேண்டும். வரியில் பேச முடியாது, விற்பவரின் அவசரத்தில் பேசலாம். 2025 விதிப்படி இறக்குமதி வண்டியைச் சுங்கத்திலிருந்து எடுத்து 90 நாளுக்குள் பதிய வேண்டும், தாமதித்தால் கட்டணம். ஆகவே கார் விற்கிற யார்டுக்குப் போனதும் விலையைக் கேட்காதீர்கள், "எப்போது கிளியர் பண்ணினீர்கள்?" என்று கேளுங்கள். இரண்டரை மாதமாக நிற்கிற கார் என்றால் அவர் குரலே இறங்கிவிடும். யாரும் கேட்காத நிறம், போன வருடத் தயாரிப்பு, இதற்கெல்லாம் குறைப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் மஞ்சள் நிறக் காருக்கு மூன்று லட்சம் குறைத்து வாங்கினார். அவர் பெண்சாதி இரண்டு மாதம் பேசவில்லை, அது வேறு கதை.

பழைய கார் என்றால் காலையில் போங்கள், சொல்லாமல் அரை மணி முன்னால் போங்கள். போனதும் பொனட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக ஏற்கெனவே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள். நம் ஊர்க் குளிரில் ஒரு இரவு நின்ற வண்டி முதல் சாவிக்கு என்ன சத்தம் போடுகிறது, பின்னால் என்ன நிறத்தில் புகை வருகிறது, அதைக் கேட்டுவிட்டுத்தான் பேரமே ஆரம்பிக்க வேண்டும். குறையைக் கண்டால் சண்டை பிடிக்காதீர்கள். "கிளச் போட இவ்வளவு, டயருக்கு இவ்வளவு" என்று கடதாசியில் எழுதிக் காட்டுங்கள். வாயால் கேட்டால் பத்தாயிரம் குறைப்பவர், கடதாசியைக் கண்டால் ஒரு லட்சத்துக்கு இறங்குவார்.

மஸ்கெலியாவிலிருந்து: ஓபன் பேப்பரில் ஒரு கார், விலை குறைவு. ஆள் தெரிந்தவர்தான்.

அவரைத் தெரியும், சரி. சீ.ஆர் புத்தகத்தில், அதாவது வண்டியின் பதிவுப் புத்தகத்தில், பெயர் இருக்கிறவரைத் தெரியுமா? ஓபன் பேப்பர் என்றால் உரிமையாளர் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்த படிவம், நடுவில் எத்தனை கை மாறியது என்று தெரியாது. அவர் வெளிநாடு போயிருக்கலாம், இறந்திருக்கலாம். புத்தகத்தில் லீசிங் கம்பெனியின் பெயர் முழு உரிமையாளராக நிற்கலாம். பதிவு உரிமையாளரின் முகத்தையும் அடையாள அட்டையையும் பார்க்காமல் முற்பணம்கூட வேண்டாம். இப்போது பெயர் மாற்ற டின் என்கிற வரி செலுத்துவோர் இலக்கமும் கேட்கிறார்கள், உங்களிடம் இல்லையென்றால் முதலில் அதை எடுங்கள்.

கடைசியாக, கினிகத்தேனையிலிருந்து: அண்ணன் நீங்கள் என்ன கார் ஓட்டுகிறீர்கள்?

மனுவல் கியர் போட்ட 1000 சீசீ, 2008ஆம் ஆண்டு. ஏசி வேலை செய்யாது, ஹட்டனில் யாருக்கு வேண்டும்? போன கிழமை ஒருவர் வந்து விலை கேட்டார். நான் வாங்கியதைவிட இரண்டு மடங்கு சொன்னார். கொடுத்துவிட்டு எதில் வீட்டுக்குப் போவது என்று கேட்டேன், அவரிடம் பதிலில்லை.