ஹோஸை முதுகில் பிடிக்காதீர்கள்

கேள்வி: பெண்டிகோவுக்கு வெளியே சின்னப் பண்ணை வாங்கி, ரோமத்துக்காக வளர்க்கும் ஒட்டக இன விலங்கான அல்பாகாக்கள் சில வளர்க்கிறோம். டிசம்பரில் ஒன்று ஆண்குட்டி போட்டது. மூன்று வாரம் ஆகிறது. மழையே இல்லை, நேற்று 41 டிகிரி. குட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது. என் கணவர் மத்தியானத்தில் ஹோஸ் பிடித்து எல்லாவற்றின் முதுகையும் நனைக்கிறார். குட்டிக்குப் பாட்டில் பால் கொடுக்கலாமா டாக்டர்?
— ஒரு வாசகி, விக்டோரியா, ஆஸ்திரேலியா

பதில்: முதலில் உங்கள் வீட்டுக்காரரிடமிருந்து அந்த ஹோஸை வாங்கிக்கொள்ளுங்கள். முதுகு ரோமம் நனைந்தால் ஈரக் கம்பளி போர்த்தின மாதிரி, சூடு உள்ளேயே தங்கிவிடும். அல்பாகாவுக்கு உடம்புச் சூடு வெளியேறுவது ரோமம் குறைந்த அடிவயிற்றிலும் தொடையிடுக்கிலும்தான். தண்ணீர் அங்கே படட்டும். நிழலில் மணலைக் கொட்டி நனைத்து வையுங்கள், தானாகவே வந்து படுத்துக்கொள்ளும். வாய் திறந்து மூச்சு வாங்குவதை அலட்சியம் செய்ய வேண்டாம். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 40 டிகிரியைத் தாண்டினால் எனக்குக் கடிதம் எழுதாதீர்கள், பக்கத்து கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பாட்டிலைப் பற்றி யோசிக்குமுன் தராசை எடுங்கள். தினமும் காலையில் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். நாளுக்கு 100 கிராமுக்குக் குறையாமல் ஏறினால் தாயின் பாலே போதும். ஏறவில்லையென்றால் தாயைக் கவனியுங்கள்: தண்ணீர் குடிக்காத தாய்க்குப் பால் எங்கிருந்து சுரக்கும்? வெயிலில் கிடக்கும் கறுப்பு பாலி பைப்பில் வரும் தண்ணீரில் கையை விட்டுப் பாருங்கள், டீ போடலாம். பைப்பை மண்ணுக்குள் புதையுங்கள், தொட்டியை நிழலுக்கு மாற்றுங்கள். தாய்க்கு லூசர்ன் (குதிரைமசால்) வைக்கோல் கூடுதலாகப் போடுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் எடை ஏறாவிட்டால்தான் பாட்டில். அதுவும் கொடுத்துவிட்டு உடனே நகர்ந்துவிட வேண்டும். கொஞ்சிக் கொஞ்சி வளர்த்த ஆண்குட்டி மனிதரையும் தன் மந்தை என்றே நினைக்கும். பெரியதானதும் உங்கள் மீதே பாயும். அழகாக இருக்கிறதே என்று தூக்கி வைத்துக்கொள்ளும் பிள்ளைகளிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: மேய்ச்சலில் ரைகிராஸ் என்ற புல் இருக்கிறதா? காய்ந்த கோடையில் அதன் அடித்தண்டில் பூஞ்சை நஞ்சு சேரும். புல்லை ஒட்ட மேய்ந்தால் அது வயிற்றுக்குள் போகும். தலை லேசாக ஆடுவதுதான் முதல் அறிகுறி. விரட்டினால் ஆட்டம் கூடும். கண்டதும் அந்த வயலை மூடிவிட்டு, வைக்கோலுக்கு மாற்றுங்கள்.

குட்டி போட்ட இரண்டு மூன்று வாரத்தில் ஆணைச் சேர்ப்பது வழக்கம். நீங்கள் சேர்க்காதீர்கள். சினை பதினொன்றரை மாதம், அடுத்த பிரசவமும் டிசம்பர் வெயிலில்தான் வந்து நிற்கும். ஏப்ரல் வரை ஆணைத் தனியே அடைத்தால் அடுத்த குட்டி மார்ச்சில் பிறக்கும். அதற்குக் குளிர்காலத்தில் வைட்டமின் டி ஊசி தேவைப்படும், அதை மே மாதத்தில் கேளுங்கள்.