நடுக்கோடு இடது தோளில்

கேள்வி: செப்டம்பரில் மிலானில் தோல் கண்காட்சிக்குப் போகிறேன். வேலை முடிந்ததும் ஐந்து நாள் வாடகைக்கு பைக் எடுத்து ஆல்ப்ஸ் மலையிலுள்ள ஸ்டெல்வியோ கணவாய் வரை போய்வர ஆசை. பல வருஷமாக வண்டி ஓட்டுகிறேன், ஆனால் ரோட்டின் வலப்பக்கம் ஓட்டியதே இல்லை. ஏலகிரி மலையில் ஏறி இறங்கிப் பழகினால் போதுமா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: வண்டியில் எதுவும் மாறாது. கிளட்ச் இடது கையில், முன் பிரேக் வலது கையில், கியர் இடது காலில் என்று எல்லாம் இங்கே இருப்பது போலத்தான். காரென்றால் ஸ்டியரிங் இடம் மாறியிருக்கும், உட்காரும்போதே ‘இது வேற ஊர்’ என்று உறைக்கும். பைக் அப்படி எதையும் ஞாபகப்படுத்தாது. சிக்கலே அதுதான்.

நெரிசலான ரோட்டில் யாரும் பக்கம் மாறுவதில்லை, முன்னால் போகிற வண்டியே வழி காட்டிவிடும். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில்தான் தப்பு நடக்கிறது. பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போது, யூ-டர்ன் அடிக்கும்போது, ஒருவழிப் பாதை முடிந்து இருவழிச் சாலையில் சேரும்போது, போட்டோ எடுக்க இடது ஓரம் நிறுத்திவிட்டுக் கிளம்பும்போது கவனம் தேவை. முதல் நாள் பயத்திலேயே ஒழுங்காக ஓட்டிவிடுவீர்கள். பயம் தெளிந்த பிறகு, காலையில் வண்டியை எடுக்கும் முதல் பத்து நிமிஷமும், சாப்பிட்டு விட்டுக் கிளம்பும் நேரமும்தான் ஆபத்து.

ஒரே ஒரு விதியை மனசில் ஏற்றிக்கொள்ளுங்கள்: நடுக்கோடு எப்போதும் உங்கள் இடது தோள் பக்கம் இருக்க வேண்டும். கோடே போடாத கிராமத்து ரோட்டிலும் அப்படித்தான். டேங்க் மேல், கண்ணில் படுகிற இடத்தில், வலப்பக்கம் காட்டும் அம்புக்குறியை டேப்பால் ஒட்டுங்கள். வண்டியை வலது ஓரத்தில் மட்டுமே நிறுத்துங்கள். நின்ற பக்கத்திலிருந்தே கிளம்பினால் பாதித் தப்பு குறைந்துவிடும்.

திருப்பங்களில் வலது திருப்பம் சுருக்கமானது, இங்கே இடது திரும்புவதைப் போல. இடது திருப்பத்தில் எதிர் வண்டிகளைத் தாண்டிப் போக வேண்டும். தாண்டியதும் பழக்கத்தில் கை இடது ஓரத்தைத் தேடும். தேடினால் எதிரே வருகிறவன் மூஞ்சிக்கு நேராக நிற்பீர்கள். ரவுண்டானாவை இங்கே போலக் கடிகார முள் திசையில் சுற்ற வேண்டாம், வலப்பக்கம் திரும்பி நுழைந்து கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றுங்கள். நுழையும்முன் இடது பக்கம் பாருங்கள். போர்டோ சிக்னலோ இல்லாத சந்திப்பில் மட்டும் வலப்பக்கமிருந்து வருகிற வண்டிக்கே முதலிடம். அது சின்னச் சந்திலிருந்து வந்தாலும் நின்று வழிவிட வேண்டும். இங்கே யாரும் எதிர்பார்க்காத விதி இது. ஓவர்டேக் இடப்பக்கமாக என்பதால் இனி இடது கண்ணாடிதான் முக்கியம். இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, இடது தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும்.

எதிரே திடீரென்று ஒரு வண்டி உங்கள் பாதையில் வந்துவிட்டால் நம் உடம்பு இடப்பக்கம் ஒடிக்கும். அங்கே வலப்பக்கம்தான் ஒதுங்க வேண்டும். இந்த அனிச்சையைச் சொல்லி மாற்ற முடியாது. அதனால் முதல் நாள் மெதுவாக, முன்னால் போகிற வண்டியிலிருந்து நல்ல இடைவெளி விட்டு ஓட்டுங்கள். விமானத்திலிருந்து இறங்கிய அன்றே சாவி வாங்காதீர்கள்.

இனி ஏலகிரி. அங்கே 14 கொண்டை ஊசி வளைவுகள். ஸ்டெல்வியோவின் வடக்குப் பக்க ஏற்றத்தில் மட்டும் 48, உச்சி 2,757 மீட்டர். ஏலகிரியில் ஏறுவது நல்லதுதான், ஆனால் அங்கே பழகுவது தலைகீழான பாடம். நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் இடது வளைவு உள்பக்கமாக நெருக்கமாகவும், வலது வளைவு வெளிப்பக்கமாக அகலமாகவும் வரும். இத்தாலியில் நெருக்கமான, செங்குத்தான உள்வளைவெல்லாம் வலது வளைவு. அதில் ஒரு கஷ்டம் உண்டு. ஹேண்டில் வலப்பக்கம் முழுதாக ஒடியும்போது ஆக்ஸிலரேட்டர் கை உடம்போடு மடங்கிவிடும். பாதி வளைவில் நிற்க நேர்ந்தால் வலது காலைத் தரையில் ஊன்ற வேண்டும், பின் பிரேக்கை விட்டாக வேண்டும். மிச்சமிருப்பது முன் பிரேக். ஒடித்த ஹேண்டிலோடு அதைப் பிடித்தால் வண்டி வலப்பக்கமே சாயும். வாடகை டூரிங் பைக் 200 கிலோவுக்கு மேல், சாய்ந்ததைத் தாங்கிப் பிடிக்க முடியாது.

எனவே காலி மைதானத்தில் இரண்டு செங்கல்லை 7 மீட்டர் இடைவெளியில் வைத்து, முதல் கியரில், ஹாஃப் கிளட்சில், பின் பிரேக்கை லேசாக அழுத்தியபடி எட்டு போடுங்கள். பார்வை செங்கல் மேல் இருக்கக் கூடாது, போக வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். வலது சுற்று இடது சுற்றைவிட இரண்டு மடங்கு. ஊருக்குப் போகும்முன் ஒரு மாசம், வாரத்துக்கு இரண்டு நாள் செய்தால் போதும். வேலூர் கிரீன் சர்க்கிள் பக்கம் சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வருகிறவர்களைப் பார்த்து, ‘வலப்பக்கம் பழக இது ஆகுமே’ என்று நினைக்காதீர்கள். அது பயிற்சி இல்லை, கேஸ்.

ஸ்டெல்வியோவில் பஸ்கள் வளைவை முழுதாக அடைத்துத் திரும்பும். சத்தம் கேட்டால் வளைவுக்குக் கீழேயே நின்றுவிடுங்கள். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் குளிர் சுமார் ஆறரை டிகிரி கூடும். மிலானில் 25 டிகிரி என்றால் உச்சியில் 8 டிகிரி, ஓட்டும் காற்றில் இன்னும் குறைவாகத் தெரியும். வேலூர் வெயிலுக்கு வாங்கிய வலை ஜாக்கெட் அங்கே உதவாது. உங்கள் ஊர்த் தோலில் ஜாக்கெட் தைக்கச் சொன்னால் ஷூவுக்கான மெல்லிய தோல் வேண்டாம். 1.2 முதல் 1.4 மில்லிமீட்டர் தடிமனான மாட்டுத் தோல் வேண்டும், உள்ளே தோள், முழங்கை, முதுகுக்குக் காப்பு வைக்க இடமும் விடச் சொல்லுங்கள். ஹெல்மெட்டில் ஐரோப்பியத் தரமான ஈசிஈ 22.06 முத்திரை இருக்கட்டும். நம்ம ஐஎஸ்ஐ முத்திரை ஐரோப்பாவில் செல்லாது.

பங்கில் பென்சினா என்றால் பெட்ரோல், கசோலியோ என்றால் டீசல். வட்டத்துக்குள் ஈ5 அல்லது ஈ10 என்று ஒட்டியிருப்பதே பெட்ரோல், சதுரத்துக்குள் இருப்பது டீசல்.

கேள்வி: வியட்நாம் வடக்கு மலைப்பகுதியில் பைக்கில் சுற்ற இங்கே எடுக்கும் இண்டர்நேஷனல் பெர்மிட் போதும் என்கிறார் நண்பர். சரியா?
– வாசகர், காட்பாடி

பதில்: சரியில்லை. இந்தியா தருகிற பெர்மிட் 1949 ஜெனிவா உடன்படிக்கையின் கீழ் வருவது. வியட்நாம் 1968 வியன்னா உடன்படிக்கையில் சேர்ந்த நாடு, அதன்கீழ் தரும் பெர்மிட்டைத்தான் ஏற்கும். வாடகைக்காரர் இதைக் கேட்காமலே சாவி கொடுத்துவிடுவார், அதை அனுமதி என்று நினைக்கக் கூடாது. விபத்து நடந்தால் செல்லாத லைசென்ஸ் என்று சொல்லி டிராவல் இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிடும். ஆஸ்பத்திரிச் செலவு முழுதும் உங்கள் தலையில். 50 சிசிக்குள் உள்ள வண்டிக்கு அங்கே லைசென்ஸ் வேண்டாம், ஆனால் மலைக்கு அது காணாது. உள்ளூர் ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்து சுற்றுகிற ஏற்பாடு அங்கே சகஜம், அதை எடுங்கள்.

இத்தாலி போன்ற நாடுகளுக்கு இந்தியப் பெர்மிட் செல்லும். லைசென்ஸுக்கான அரசின் ‘சாரதி’ இணையதளத்தில் விண்ணப்பித்து, உங்கள் முகவரிக்குரிய ஆர்.டி.ஓ. ஆபீஸில் வாங்க வேண்டும். கட்டணம் 1,000 ரூபாய். ஒரு வருஷம் செல்லும், ஆனால் அதற்குள் லைசென்ஸ் காலாவதியானால் பெர்மிட்டும் போச்சு. விண்ணப்பிக்கும் முன் லைசென்ஸில் ‘கியருடன் கூடிய மோட்டார் சைக்கிள்’ இருக்கிறதா என்று பாருங்கள். பெர்மிட்டில் ‘ஏ’ பிரிவில் முத்திரை விழுந்திருக்க வேண்டும். அசல் லைசென்ஸையும் கூடவே கொண்டுபோங்கள், பெர்மிட் மட்டும் தனியாகச் செல்லாது.

கேள்வி: என் புல்லட்டையே கப்பலில் அனுப்பி ஓட்டலாமா?
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: முதல் பயணத்துக்கு வேண்டாம். சரக்குக் கட்டணம், சுங்கக் காகிதம், அங்கே தனி இன்ஷூரன்ஸ் என்று செலவே வாடகையைத் தாண்டிவிடும். தரைவழியே நேபாளம், பூடான் போகலாம், ஆனால் இரண்டும் இடப்பக்க நாடுகள்.

கேள்வி: கணவரோடு ஜெர்மனியில் பைக்கில் போகிறோம். பின்னால் உட்காருகிற நான் எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, குடியாத்தம்

பதில்: இறங்குகிற பக்கத்தை. சைடு ஸ்டாண்டு எந்த நாட்டிலும் வண்டிக்கு இடப்பக்கம்தான். இங்கே இடது ஓரம் நிறுத்தி இடப்பக்கம் இறங்கினால் நடைபாதையில் கால் வைக்கிறோம். அங்கே வலது ஓரம் நிறுத்தி இடப்பக்கம் இறங்கினால் ஓடும் வண்டிகள் நடுவே இறங்குகிறோம். அதனால் கணவர் இரண்டு காலையும் ஊன்றிய பிறகு, நீங்கள் வலப்பக்கம் இறங்குங்கள். சைலன்சர் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான், கணுக்கால் மூடும் பூட்ஸ் அவசியம். ஏறுவதும் அப்படியே. இருபுறமும் கால் போட்டு, ஃபுட்ரெஸ்ட்டில் இரு காலும் வைத்தே உட்காருங்கள்.

இன்னொன்று கணவருக்கு. ரோடு நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும். வலது ஓரத்தில் நிறுத்தினால் ஸ்டாண்டு மேட்டுப் பக்கம் வந்து, வண்டி கிட்டத்தட்ட நிமிர்ந்தே நிற்கும். பின்பெட்டியைத் தொட்டாலே வலப்பக்கம் விழும். சமதளம் தேடி, முதல் கியரில் போட்டு, முன்சக்கரம் சற்றே மேட்டை நோக்கி இருக்கும்படி குறுக்காக நிறுத்தச் சொல்லுங்கள். பெட்டியைக் கழற்றுவது அதற்குப் பிறகு.