அடகுக்குக் கட்டும் வட்டியே உங்கள் படிப்புச் செலவு

கேள்வி: எனக்கு 36 வயது. ஹட்டனில் ஒரு ஹாட்வெயார் கடையில் கணக்கு எழுதுகிறேன். கைக்கு 68,000 ரூபா வரும். திறந்த பல்கலைக்கழகத்தில் பாதியில் விட்ட பட்டத்தை முடிக்க ஆசை. வருடம் 90,000 வரை செலவாகும். ஒரு தனியார் நிறுவனம் ஒரே வருடத்தில் வெளிநாட்டுப் பட்டம் என்கிறது, அதற்கு 6 இலட்சம். வங்கி 16 சதவீத வட்டியில் நான்கு வருடக் கடன் தரத் தயார். கடன் எடுக்கலாமா, அல்லது சேமலாப நிதியில் கை வைக்கலாமா? தம்பிக்காக வைத்த நகை 4.2 இலட்சத்துக்கு அடகில் இருக்கிறது. அவன் இப்போது ஆட்டோ லீசிங்குக்கு என் சீட்டுக் காசையும் பிணைக் கையெழுத்தையும் கேட்கிறான்.
- வாசகி, கொட்டகலை

பதில்: நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றரைப் பக்கம் படிப்பைப் பற்றி. தம்பி கடைசி ஐந்து வரியில்தான் வருகிறார். நான் அந்த ஐந்து வரியில் இருந்து தொடங்குகிறேன்.

நீங்கள் இணைத்திருந்த அடகுத் துண்டுகளைப் பார்த்தேன். மூன்றிலும் அதே கொடி, அதே இரண்டு வளையல். முதலில் 1.5 இலட்சம், தம்பி கட்டாருக்குப் போக. அப்புறம் 2.6 இலட்சம், அவர் திரும்பி வந்து போன் கடை போட. இப்போது 4.2 இலட்சம். இரண்டு தடவையும் நகையை மீட்ட அதே நாளில், அதே கவுண்டரில், கூடிய தொகைக்குத் திரும்ப வைத்திருக்கிறீர்கள். தங்கம் விலை ஏற ஏற அந்த நகைக்குக் கூடக் காசு தருகிறார்கள். தம்பிக்கும் அது தெரியும். கடிதத்தில் இதை நீங்கள் கடன் என்றே எழுதவில்லை, ‘நகை அடகில் இருக்கிறது’ என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.

மாதம் 1.75 சதவீதம் என்று துண்டில் இருக்கிறது. 4.2 இலட்சத்துக்கு மாதம் 7,350 ரூபா, வருடத்துக்கு 88,200. உங்கள் படிப்புக்கு வருடம் 90,000. கணக்கு எழுதுகிற உங்களுக்கு இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை.

ஆகவே முதல் வேலை நகை. நீங்கள் எழுதிய நிறைப்படி பார்த்தால், வளையல் இரண்டையும் விற்றால் கடன் முடிந்து கொடி மிஞ்சும் என்றே நினைக்கிறேன். அன்றைய விலையை இரண்டு கடையில் கேளுங்கள், நிறுக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். அம்மா போட்ட வளையல் என்று எழுதியிருக்கிறீர்கள். கஷ்டம்தான். ஆனால் மூன்று முறை அடகுக்குப் போன வளையல் நாலாவது முறை ஏலத்துக்குப் போகலாம். அதைவிட நீங்களே விற்பது மேல்.

மாதம் 7,350 மிஞ்சினால் வங்கிக் கடனே வேண்டாம். திறந்த பல்கலைக்கழகத்தில் எத்தனை பாடம் எடுக்கிறீர்களோ அதற்கேற்பத்தான் கட்டணம். காசு இறுக்கமான வருடத்தில் இரண்டு பாடம் குறைத்து எடுக்கலாம், படிப்பு கொஞ்சம் நீளும், அவ்வளவுதான். ஆனால் பழைய பதிவு இன்னும் செல்லுமா, சித்தியடைந்த பாடங்கள் கணக்கில் சேருமா என்று கண்டி, பொல்கொல்லையில் உள்ள பிராந்திய நிலையத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். அலுவலகம் திறந்திருக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு பஸ் ஏறுங்கள், தேவையென்றால் லீவு போட்டே போங்கள்.

ஒரே வருடப் பட்டத்துக்கு வருவோம். இப்போது டவுனுக்கு டவுன் இந்த பேனர்தான். 6 இலட்சத்துக்கு மாதத் தவணை ஏறத்தாழ 17,000. நான்கு வருடத்தில் 8.16 இலட்சம் கட்டியிருப்பீர்கள். சம்பளத்தில் நாலில் ஒரு பங்கு. பட்டதாரி ஆசிரியர் நியமனம்தான் நோக்கம் என்கிறீர்கள். அந்தப் பட்டம் தரும் பல்கலைக்கழகத்தை நம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று கேட்டீர்களா? வர்த்தமானியில் வயதெல்லையும் போடுவார்கள். 36 வயதில் அதைப் பார்க்காமல் எந்தப் பட்டத்துக்கும் காசு கட்டாதீர்கள். நியமனம் கைகூடாவிட்டாலும் படிக்க ஆசை என்றால், அதற்கு 8 இலட்சம் தேவையில்லை.

சேமலாப நிதியை விட்டுவிடுங்கள். பத்து வருடம் கட்டியவர்கள் 30 சதவீதம் எடுக்கலாம் என்பது வீட்டுக்கும் வைத்தியத்துக்கும்தான். படிப்பு அதில் இல்லை.

இனி பிணைக் கையெழுத்து. சீட்டுக் காசு போனால் ஒரு முறைதான் போகும். கையெழுத்து அப்படியில்லை. அவர் தவணை கட்டாவிட்டால் லீசிங்காரர் உங்களைத் தேடி வருவார், நீங்கள் வங்கிக்குப் போகும்போது அந்தப் பிணை உங்கள் பெயரில் நிற்கும். போன் கடையை எட்டு மாதத்தில் மூடியவர் ஐந்து வருட லீசிங்கை ஓட்டுவார் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

தம்பியிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். நீளமாக விளக்கப் போகாதீர்கள், விளக்கினால் பேரம் பேசுவார். நகை விற்றாகிவிட்டது, சீட்டுக் காசு பல்கலைக்கழகத்துக்குக் கட்டியாகிவிட்டது என்று நடந்த பிறகு சொல்லுங்கள். மனம் கேட்காவிட்டால் மாதம் 2,000 கொடுங்கள், திரும்பி வராது என்று தெரிந்தே கொடுங்கள். சீட்டு விழுவது தை மாதம் என்றால், பதிவு எப்போது தொடங்குகிறது என்பதை இந்தக் கிழமையே விசாரித்துவிடுங்கள்.