ஸ்பெயின் நாட்டு அழுத்தமான சிவப்பு ஒயினை எப்படிச் சுவைப்பது? எந்த உணவோடு சேரும்?

ஸ்பெயினின் வடக்கே துவேரோ ஆற்றையொட்டிய ரிபேரா தெல் துவேரோ பகுதியின் ஒயினை வைத்தே சொல்கிறேன். வயதோலித் நகரில் வேலை பார்த்த இரண்டு வருடமும் நான் அதிகம் குடித்தது அதுதான்.

முதல் தடவை எனக்கு அது பிடிக்கவே இல்லை. ஒரு பாட்டில் வாங்கி வந்து வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் குடித்தேன். நாக்கு வறண்டு, ஈறெல்லாம் இழுத்துப் பிடித்தது. வாழைக்காயைப் பச்சையாகக் கடித்த மாதிரி இருந்தது. கெட்டுப்போன ஒயின் என்றே நினைத்தேன். கூட வேலை பார்த்த ஒருவரிடம் சொன்னபோது, "சாப்பாடு இல்லாமல் குடித்தால் அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி, அந்த ஞாயிற்றுக்கிழமை அரண்டா தெ துவேரோ ஊருக்கு அழைத்துப் போனார்.

அந்தப் பக்கத்தின் பெரிய விருந்து லெச்சாசோ. 35 நாளுக்கு மேல் ஆகாத, தாய்ப்பால் மட்டுமே குடித்த ஆட்டுக்குட்டி. மண் தட்டில் வைத்து, தண்ணீரும் உப்பும் மட்டும் சேர்த்து, விறகு அடுப்பில் நிதானமாகச் சுடுகிறார்கள். மேல்தோல் மொறுமொறுவென்றும் உள்ளே கரண்டியாலேயே பிய்க்கிற அளவு மென்மையாகவும் இருந்தது. கூட ரொட்டியும் பச்சைக் காய்கறி சாலடும், அவ்வளவுதான். ஒரு வாய் கறி, ஒரு மடக்கு ஒயின். வீட்டில் வாயை இழுத்த அதே வகை ஒயின் அங்கே வழுவழுவென்று இறங்கியது. அந்த மதியத்தை இன்னும் மறக்கவில்லை.

காரணம் டானின். திராட்சைத் தோலிலும் விதையிலும் ஓக் மரப் பீப்பாயிலும் இருந்து வருவது. பாக்கிலும் கடுந்தேநீரிலும் நாம் உணர்கிற துவர்ப்பு இதனால்தான். அது எச்சிலில் இருக்கும் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வாய் வறள்கிறது. கறியின் புரதமும் கொழுப்பும் வாயில் இருந்தால் துவர்ப்பு அடங்கி, பழ வாசனை மேலே வரும். ரிபேரா தெல் துவேரோவில் திராட்சைத் தோட்டங்கள் 700 மீட்டருக்கும் மேலான மேட்டுநிலத்தில் இருக்கின்றன. கோடையில் பகல் கொளுத்தும், இரவு குளிரும். அங்கே விளைகிற டெம்ப்ரனில்லோ திராட்சைக்கு அழுத்தமான நிறமும் துவர்ப்பும் வருவதோடு, புளிப்பும் குறையாமல் நிற்பது இந்தக் குளிர்ந்த இரவுகளால்தான்.

சுவைக்கும்போது சூட்டைக் கவனியுங்கள். 16 முதல் 18 டிகிரி போதும். நம் ஊர் அறைச் சூட்டில் ஊற்றினால் ஆல்கஹால் நெடிதான் முதலில் மூக்கில் ஏறும். முதலில் வாய் அகன்ற ஜாடியில் ஊற்றி ஒரு மணி நேரம் காற்றாட விடுங்கள். அப்புறம் ஜாடியோடு ஃபிரிட்ஜில் வைத்து, அந்தச் சூட்டுக்குக் குளிர்ந்ததும் எடுங்கள். முதலில் கரும்பழ வாசனை, பிறகு பீப்பாயின் வெனிலா, புகை, தோல்பொருள் வாசனை எல்லாம் ஒவ்வொன்றாக வரும். வாயில் சில விநாடி வைத்திருந்து, துவர்ப்பு எங்கே பிடிக்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள்.

முதல் பாட்டிலுக்கு லேபிளில் கிரியான்சா என்று போட்டதை வாங்குங்கள். குறைந்தது 2 வருடம் பக்குவப்பட்டது, அதில் 12 மாதம் ஓக் பீப்பாயில். விலை கூடிய கிரான் ரெசெர்வாவை (5 வருடம், அதில் 2 வருடம் பீப்பாயில்) பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆட்டுக்கறி தவிர, பூர்கோஸ் ஊரின் அரிசி சேர்த்த ரத்தத் தொத்திறைச்சி, முற்றிய செம்மறிப்பால் சீஸ் இரண்டும் அருமையாகச் சேரும். மீன் வேண்டாம், இந்த ஒயினோடு சேர்ந்தால் இரும்புச் சுவை தட்டலாம். மிளகாய்க் காரமும் வேண்டாம். 14 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருக்கிற ஒயின் எரிச்சலைக் கூட்டிவிடும், கறியும் ஒயினும் இரண்டுமே வீணாகும். வீட்டில் செய்வதானால் ஆட்டுத் தொடையை உப்பும் பூண்டும் மட்டும் தடவி ஓவனில் நிதானமாகச் சுட்டுப் பாருங்கள்.

பாட்டில் மிச்சமானால் கார்க்கை அடைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். இளம் ஒயின் என்றால் சில சமயம் இரண்டாம் நாள்தான் வாய்க்கு இன்னும் இதமாக இருக்கும்.