பட்மின்டன்ல நாடுகள் டீமா மோதுற சுதிர்மான் கப்ல ஒரு நாட்டுக்கு நல்ல சிங்கிள்ஸ் பிளேயர் ஒராள் இருந்தா கப் அடிக்கலாமா?

ஏலாது. நாங்க இங்க வெள்ளவத்தையில இரவில லேனுக்குள்ள நெட் கட்டி விளையாடேக்க ஒரு கெட்டிக்காரன் இருந்தா டீமே வெண்டுரும், ஆனா சுதிர்மான் கப்ல ஆண்கள் சிங்கிள்ஸ், பெண்கள் சிங்கிள்ஸ், ரெண்டு பக்கத்து டபிள்ஸ், மிக்ஸ்ட் டபிள்ஸ் எண்டு மொத்தம் 5 மெட்ச், அதில 3 வெல்லோணும், அதால பொம்பிளப் பிள்ளைகளையும் ஒழுங்கா வளர்த்தெடுத்த நாடுதான் நிண்டு பிடிக்கும். மலேசியாவப் பாருங்க, சிங்கிள்ஸ்ல லீ சொங் வெய் மாதிரி உலக நம்பர் 1 பிளேயர் ஒருத்தர் இருந்தும் இண்டைக்கு வரைக்கும் கப் இல்ல. சீனா 2025ஓட 14 தரம் அடிச்சிட்டுது.

எனக்கு எப்பவும் பிடிச்சது 1989ல ஜகார்த்தாவில நடந்த முதல் ஃபைனல்தான். இந்தோனேசியா தென் கொரியாவோட 0-2 எண்டு பின்னுக்கு. பிறகு இந்தோனேசியாட 18 வயசு சுசி சுசாந்தி பெண்கள் சிங்கிள்ஸ்ல முதல் கேம் தோத்து, ரெண்டாவதில மெட்ச் பொயின்ட்டையும் (அந்த ஒரு பொயின்ட் போனா மெட்சே போயிரும்) காப்பாத்தி 12-10, பிறகு மூண்டாவது 11-0! அந்தப் பிள்ளை திருப்பின மெட்ச்சுக்குப் பிறகு மிச்ச ரெண்டு மெட்ச்சையும் வெண்டுதான் கடைசியா 3-2 எண்டு கப் வந்தது. இந்தோனேசியா அடிச்ச ஒரே சுதிர்மான் கப்பும் அதுதான்.