மேடு ஏறும்போது பாதியில் இறங்கித் தள்ளாமல் மவுண்டன் பைக் ஓட்டுவது எப்படி?

ஓராண்டாகப் பெங்களூருவில் வார இறுதிகளில் ஓட்டுகிறீர்கள். சமதளத்தில் 40 கிலோமீட்டர் சிரமமில்லை. நந்தி மலையில் பாதியில் மூச்சு முட்டுகிறது. மண்பாதை ஏற்றங்களில் பின்சக்கரம் சுழன்று நின்றுவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இவை இரண்டும் வெவ்வேறு சிக்கல்கள். முதலாவது மூச்சைச் செலவழிக்கும் விதம், இரண்டாவது உட்காரும் விதம். 40 கிலோமீட்டர் ஓட்டுகிற உங்கள் கால்களுக்குக் குறை எதுவும் இல்லை.

நந்தியில் நானும் ஓராண்டு முழுக்க ஒரே தவற்றைச் செய்தேன். அடிவாரத்தில் உற்சாகமாகக் கிளம்பி முதல் வளைவுகளில் பலரை முந்துவேன். உச்சியை நெருங்கும்போது, சரிவு கூடும் இடத்தில், அதே ஆட்கள் அமைதியாக என்னைக் கடந்து போவார்கள். ஸ்ரீராமபுரத்து அண்ணன் ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், ஒருநாள் என் பக்கத்தில் வந்தார். "தம்பி, நான் பேசிக்கொண்டே வருகிறேன், நீ பதில் சொல்லிக்கொண்டே வா. பதில் வரவில்லையென்றால் வேகத்தைக் குறை" என்றார். மகளின் கல்யாண ஏற்பாடுகளை வழியெல்லாம் சொன்னார். பந்தல் யார், சமையல் யார் என்று கேட்டுக்கொண்டே ஏறினேன். அன்றுதான் முதன்முறையாகக் கால் ஊன்றாமல் மேலே போய்ச் சேர்ந்தேன். நம் பாலாறு பிறக்கும் மலை அது. அன்றிலிருந்து அதன்மேல் பிரியம் இன்னும் கூடிவிட்டது.

ஆகவே முதல் பத்து நிமிடங்கள் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் மட்டும் ஏறுங்கள். மெதுவாகப் போவதுபோலத் தோன்றும். தோன்றட்டும்.

அடுத்தது கியர். பெடலோடு சேர்ந்த முன்வட்டில் 32 பல், பின்பல்சக்கரத்தின் பெரிய வட்டில் 51 பல் உள்ள 29 அங்குலச் சைக்கிளில், பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சுமார் 1.4 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 70 சுற்று என்றால் மணிக்கு 6 கிலோமீட்டர். உங்கள் பின்பல்சக்கரத்தின் பெரிய வட்டு 42 பல்தான் என்றால் ஒரு சுற்றுக்கு 1.7 மீட்டருக்கு மேல் போகிறது. அந்த வேறுபாட்டை முழங்கால்தான் சுமக்கிறது. புதுச் சைக்கிள் வாங்கத் தேவையில்லை. முன்வட்டை 28 அல்லது 30 பல்லாக மாற்ற முடியுமா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். எடை குறைந்த சைக்கிளுக்காகக் காசைக் கொட்டுவதைவிட இது பயன் தரும். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 84 கிலோ என்றால், 1 கிலோ குறைப்பதால் கிடைக்கும் ஆதாயம் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான்.

கியரை மேடு தொடங்குவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். அல்சூரில் என் சைக்கிளைப் பார்க்கும் மெக்கானிக் தேய்ந்த சங்கிலியைக் கையில் பிடித்துக் காட்டி, "முழு பலத்தோடு மிதிக்கும்போது மாற்றியிருக்கிறீர்கள் சார், சத்தம் கேட்டிருக்குமே" என்றார். கேட்டிருந்தேன், பொருட்படுத்தவில்லை. ஏற்றத்தின் நடுவே மாற்றியே ஆகவேண்டுமென்றால் அரைச் சுற்றுக்கு மட்டும் அழுத்தத்தைத் தளர்த்தி மாற்றுங்கள்.

இனி மண்பாதை. காய்ந்த செம்மண், மேலே பொடிக்கல், குறுக்கே ஒரு வேர் என்று வைத்துக்கொள்வோம். அங்கே எழுந்து நின்று மிதித்தால் எடை முன்னால் போய்விடும். பின்சக்கரம் கற்களை வாரி இறைத்துவிட்டு நின்ற இடத்திலேயே சுழலும். பின்னால் சாய்ந்து உட்கார்ந்தால் முன்சக்கரம் தூக்கிக்கொண்டு அலையும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் உண்டு. சீட்டின் மூக்கு நுனிக்கு நகர்ந்து உட்காருங்கள். அது உறுத்தும், உறுத்துகிற இடம்தான் சரியான இடம். முழங்கைகளை மடக்கி, கீழே இறக்கி, மார்பைக் கைப்பிடியை நோக்கித் தாழ்த்துங்கள். கைப்பிடியை மேல்நோக்கி இழுக்காமல், உங்கள் இடுப்பை நோக்கிக் கீழ்வாக்கில் இழுங்கள். பின் டயர் மண்ணைக் கவ்வுவது உங்களுக்கே தெரியும். பெடலை உதைக்காமல் உருட்டுவதுபோல் சீராக மிதிக்க வேண்டும். வேர் வரும்போது அதற்குச் சற்று முன்னால் ஒரே ஒரு அழுத்தமான மிதி, முன்சக்கரம் ஏறியதும் உடலைச் சிறிது முன்னே கொண்டுபோனால் பின்சக்கரம் தானாக ஏறிவரும். பார்வை நாலைந்து மீட்டர் தள்ளி இருக்கட்டும். முன்சக்கரத்தையே பார்த்தால் அடுத்த கல்லில் மோதுவீர்கள்.

டயர் காற்றையும் பாருங்கள். கடைகளில் கல்போல அடித்துக் கொடுத்துவிடுவார்கள். 70 கிலோ ஆளுக்கு, 2.3 அங்குல டயரில், ட்யூப் இருந்தால் 28 முதல் 30 பிஎஸ்ஐ, ட்யூப் இல்லாததில் 22 முதல் 25 போதும். காற்றைக் குறைத்த அன்றே வித்தியாசம் தெரியும்.

பயிற்சிக்கு வாரத்தில் மூன்று நாள் ஒதுக்கினால் போதும். இரண்டு நாள் பேசிக்கொண்டே ஓட்டும் வேகத்தில்; அதில் ஒன்று இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல். மீதி ஒரு நாள் மட்டும் கடினமாக: ஐந்து நிமிடம் இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் பேச முடியாதபடி ஏறுவது, நான்கு நிமிடம் இறங்கி ஓய்வது, இப்படி மூன்று முறை. ஒரு மாதத்துக்குப் பிறகு ஏறும் நேரத்தை எட்டு நிமிடமாக்குங்கள். தினமும் மூச்சு வாங்க ஓட்டுபவர்கள் களைத்துப்போவதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். கிளம்பும் முன் இரண்டு இட்லியாவது சாப்பிடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் வாழைப்பழமோ கடலை மிட்டாயோ பையில் இருக்க வேண்டும். பசித்த பிறகு சாப்பிட்டால் அந்த ஏற்றத்துக்கு உதவாது.

கடைசியாக, எல்லோரும் தவறவிடும் ஒன்று: மேட்டில் நின்றுபோனால் மறுபடி கிளம்புவது. துரஹள்ளி, அவலஹள்ளிப் பக்கம் போவதானால் சைக்கிளுக்கு அனுமதி உள்ள பாதை எதுவென்று வனத்துறைக் காவலரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு சிறிய சரிவைத் தேர்ந்தெடுங்கள். சைக்கிளை நேராக நிறுத்தாமல் சரிவுக்குச் சற்றுக் குறுக்காகத் திருப்புங்கள். மேட்டுப் பக்கத்துக் காலை ஊன்றி, மறுகாலின் பெடலைக் கடிகாரத்தின் இரண்டு மணி நிலைக்கு உயர்த்துங்கள். பின்பிரேக்கைப் பிடித்தபடி சீட்டில் உட்கார்ந்து, பிரேக்கை விடும் அதே நொடியில் அந்தப் பெடலை அழுத்துங்கள். முதல் மிதியிலேயே அடுத்த கால் பெடலைத் தேடி வந்துவிட வேண்டும். ஒரே சரிவில் பத்து முறை செய்து பாருங்கள். எனக்கு ஏழாவது முறைதான் வந்தது.