மறுபடி நிற்கும்போது முதலில் தட்ட வேண்டிய கதவு

கேள்வி: எங்கள் ஊர் சிறிய ஊர். நகர மன்றத்தில் ஏழு பேர். அதில் நானும் ஒருவன். போன தேர்தலில் 38 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தேன். இடையில் குடிநீர்க் கட்டணத்தை உயர்த்தும் தீர்மானம் வந்தபோது ஆதரித்துக் கை தூக்கினேன். எதிர்த்து நிற்பவர் இப்போது அதையே ஊரெல்லாம் சொல்லி வருகிறார். பதில் சொல்வதா, பேசாமல் விட்டுவிடுவதா? மறுபடி ஜெயிக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: பேசாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள். முதல் முறை நின்றபோது உங்களிடம் வாக்குறுதி மட்டும்தான் இருந்தது, யாரும் கணக்குக் கேட்கவில்லை. இந்த முறை நீங்கள் கை தூக்கிய ஒவ்வொரு தீர்மானமும் மினிட்ஸ் புத்தகத்தில் இருக்கிறது. அதை எதிராளி படித்துவிட்டார். நீங்களும் ஒரு முறை முதலிலிருந்து கடைசி வரை படியுங்கள். எதற்கு ஆதரவு, எதற்கு எதிர்ப்பு, எந்தக் கூட்டத்துக்கு வரவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். தான் எப்படி ஓட்டுப் போட்டோம் என்பதையே மறந்துவிட்டு மேடையில் மாட்டிக்கொள்ளும் உறுப்பினர்கள் நிறையப் பேர்.

இனி கட்டண விஷயம். 'மன்றம் முடிவு செய்தது' என்று பொதுவாக நழுவினால் அங்கேயே தோற்றீர்கள். 'நான்தான் ஆதரித்தேன்' என்று தொடங்குங்கள். அன்று உங்கள் முன்னால் இருந்த காரணத்தைச் சொல்லுங்கள்: பழைய குழாயா, மோட்டார் செலவா, அடைபடாத கடனா. ஒரு வீட்டுக்கு மாதம் எவ்வளவு கூடியது, அந்தப் பணத்தில் இதுவரை என்ன நடந்தது என்பதையும் சொல்லுங்கள். மொத்த பட்ஜெட் தொகை யார் மனதிலும் நிற்காது. தன் வீட்டு பில் நிற்கும். வேலை பாதியில் நின்றிருந்தால் அதை மறைக்காமல் நீங்களே முதலில் சொல்லிவிடுவது நல்லது. எதிராளி வாயிலிருந்து வந்தால் அது குற்றச்சாட்டு ஆகிவிடும்.

38 ஓட்டு முன்னிலை என்றால், உங்களுக்குப் போட்டவர்களில் 20 பேர் அந்தப் பக்கம் போனால் நீங்கள் தோற்றீர்கள். அது சில குடும்பங்களின் கோபம், அவ்வளவுதான். ஆகவே கோபமாக இருப்பவர் வீட்டுக்கு முதலில் போங்கள். எல்லாரும் இதைக் கடைசிக்குத் தள்ளுவார்கள். கடைசியில் நேரம் இருக்காது. போன இடத்தில் வாதாட வேண்டாம். அவர் சொல்வதைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, நான்கு நாளில் திரும்பிப் போய் என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள். இரண்டாவது முறை போவதில்தான் விஷயமே இருக்கிறது.

ஆதரவாளர் வீட்டையும் விட்டுவிடாதீர்கள். 1935-இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகர மன்றத் தேர்தலில் டிப் ஓநீல் என்ற இளைஞர் தோற்றார். நீங்கள் கேட்காவிட்டாலும் உங்களுக்குத்தான் போடுவேன் என்று எதிர் வீட்டுப் பெண்மணி சொன்னது அவருக்குப் பெரிய பாடம் ஆயிற்று. கேட்டால்தான் மக்களுக்குப் பிடிக்கும் என்று விளக்கமும் கொடுத்தாராம் அந்த அம்மா. ஓநீல் பின்னாளில் 1977 முதல் 1987 வரை பிரதிநிதிகள் சபையின் சபாநாயகராக இருந்தார்.

நோட்டீஸ் அடிக்கவா, போன் பண்ணவா என்றால், காலால் நடங்கள். 1998-இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் கெர்பரும் டொனால்ட் கிரீனும் சுமார் 30,000 வாக்காளர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். நேரில் போய்ப் பேசியதில் வாக்குப்பதிவு நன்றாக உயர்ந்தது. தபாலில் போன அட்டைக்குப் பலன் மிகக் கொஞ்சம். தொலைபேசி அழைப்புக்கு ஒன்றுமே இல்லை. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: அவர்கள் எந்த வேட்பாளருக்காகவும் பேசவில்லை, வந்து ஓட்டுப் போடுங்கள் என்று மட்டுமே கேட்டார்கள். ஆனால் உங்கள் ஆட்களை அன்று வெளியே வர வைப்பதுதானே பாதி வேலை.

ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடும் என்று உங்களுடன் வேலை செய்பவர்கள் அலுத்துக்கொண்டால், 2008-இல் ராஜஸ்தான் சட்டமன்றத் தேர்தலில் நாத்துவாரா தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளர் சி.பி. ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோற்றதைச் சொல்லுங்கள். 2017-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநில அவைக்கான ஒரு தொகுதியில் இருவருக்கும் சரிசமமாக 11,608 ஓட்டு விழுந்து, கிண்ணத்தில் சீட்டுப் போட்டு எடுத்தார்கள்.

பதவியில் இருப்பவருக்கென்றே ஒரு பொறி உண்டு. மன்றத்தின் லெட்டர்பேடு, வண்டி, ஊழியர், அலுவலக போன் எதையும் பிரசாரத்துக்குத் தொடாதீர்கள். பெரும்பாலான இடங்களில் விதி அதைத் தடுக்கிறது. விதி இல்லாத இடத்திலும் எதிராளிக்கு ஒரு போட்டோ போதும். உங்கள் பெயரில் வரி பாக்கி ஏதும் நிற்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், குறிப்பாக அந்தக் குடிநீர் பில்.

வேட்புமனுவைக் கடைசி நாள் வரை இழுக்காதீர்கள். போன முறை நிரப்பிய படிவத்தைப் பார்த்து எழுத வேண்டாம், படிவம் மாறியிருக்கலாம். புது வாக்காளர் பட்டியலை வாங்கித் தெருத் தெருவாகப் பழையதோடு ஒப்பிடுங்கள். நீங்கள் ஜெயித்த பிறகு குடிவந்தவர்களுக்கும், புதிதாக ஓட்டுரிமை பெற்றவர்களுக்கும் உங்கள் முகமே தெரியாது. அவர்களிடம் நீங்கள் இன்னும் புது வேட்பாளர்தான்.